பழத்தோடு சீஸ்: உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 8 வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. மகனுக்கு 4 வயது. மாமியாரும் கூடவே இருக்கிறார். அவருக்கு 68 வயது, 16 ஆண்டுகளாகச் சர்க்கரை, இரத்த அழுத்தமும் உண்டு. சாயங்காலம் பிள்ளைகள் பசி என்று வந்து நின்றால் இத்தனை நாளும் கெரோப்போக், பிஸ்கட், மைலோ. அம்மாவுக்கு லீவு என்றால் வாழைக்காய் பஜ்ஜி. இதை மாற்ற நினைத்தவர் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். மரப்பலகையில் பழத்துண்டுகள், நடுவில் சீஸ், ஓரத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டிய பெலிம்பிங் பழம் (ஸ்டார் ஃப்ரூட்). "அடுப்பே மூட்ட வேண்டாம், சத்தும் கிடைக்கும்" என்று அன்றே தொடங்கிவிட்டார்.

மூன்று வாரம் நன்றாகப் போயிருக்கிறது. ஒருநாள் அன்னாசியையும் பனீரையும் ஒன்றாக நறுக்கி மகளின் பள்ளிப் பெட்டியில் வைத்தார். ஓய்வு நேரத்தில் திறந்தால் தண்ணீர் விட்டு, பனீர் குழைந்து, வாயில் வைத்ததும் கசப்பு. பெட்டி அப்படியே வீடு திரும்பியது. மாமியார் ஒரு துண்டை எடுத்து ருசி பார்த்துவிட்டு, "பாலையும் பழத்தையும் சேர்த்தால் நஞ்சு என்று அன்றைக்கே சொன்னேனே" என்றிருக்கிறார். அதோடு, சீஸில் மாட்டுக் குடல் சேர்க்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இவர்கள் மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம். செவ்வாயும் வெள்ளியும் சைவம். "ஹலால் முத்திரை இருக்கிறதே, பிறகு என்ன?" என்று மருமகள் கேட்க, வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. பால் குடித்தால் மகளுக்கு வயிறு உப்புகிறது, சீஸ் கொடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. கடைசியாக ஒரு வரி: "அத்தைக்குச் சிறுநீரில் கொஞ்சம் புரதம் போகிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதை ஈடுகட்ட அவர்களுக்குத் தினமும் இரண்டு சீஸ் ஸ்லைஸ் கூடுதலாகக் கொடுக்கிறேன். சரிதானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையிலிருந்து களைத்து வந்து, பிள்ளைகளுக்கு நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். நீங்கள் தொடங்கிய பழக்கம் நல்ல பழக்கம். அதை நிறுத்தச் சொல்லி இந்தப் பதிலை எழுதவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும், மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அத்தைக்குக் கொடுக்கும் அந்த இரண்டு ஸ்லைஸை இன்றே நிறுத்துங்கள். பெலிம்பிங் பழத்தையும் அவருடைய தட்டில் வைக்காதீர்கள்.

சிறுநீரகத்துக்குப் பழம் பகையாவது எப்போது

சிறுநீரில் புரதம் போகிறது என்றால் உடம்பில் புரதம் குறைந்துவிட்டது, அதை நிரப்ப வேண்டும் என்று நீங்கள் நினைத்தது இயல்புதான். ஓட்டை விழுந்த வாளியில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதைப் போன்ற யோசனை அது. பல ஆண்டு சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகத்தின் வடிகட்டி நைந்துபோவதன் ஆரம்ப அடையாளமாக அந்தக் கசிவு இருக்கலாம். வடிகட்டிக்குத் தேவை ஓய்வு. புரதத்தை மேலும் மேலும் கொடுத்தால் அதற்கு வேலைதான் கூடும். இந்த நிலையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம். அத்தை 60 கிலோ என்றால் ஏறக்குறைய 48 கிராம். மீன், முட்டை, பருப்பு என்று வழக்கமாகச் சாப்பிட்டாலே அது வந்துவிடும். அதற்காகப் பயந்து, எல்லாவற்றையும் நிறுத்தி அவரைக் கஞ்சிக்குத் தள்ளிவிடாதீர்கள். வயதானவர்களுக்குப் புரதம் மிகவும் குறைந்தாலும் உடம்பு தளர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் உறையில் வரும் ஸ்லைஸில் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று உப்பு. மற்றொன்று, சீஸை உருக்கி வழவழப்பாகச் சேர்ப்பதற்குப் போடும் பாஸ்பேட் உப்புகள். பருப்பிலும் பாலிலும் இயற்கையாக இருக்கும் பாஸ்பேட்டைவிட, இப்படி வெளியிலிருந்து சேர்ப்பதை உடம்பு மிக எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. தளர்ந்துவரும் சிறுநீரகத்துக்கு அது சுமை.

பெலிம்பிங் விஷயம் இதைவிடப் பெரியது. நட்சத்திரமாக வெட்டினால் தட்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பழத்தில் மூளையையும் நரம்பையும் தாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் அதைப் பிரித்தெடுத்து கேரம்பாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. அது இரத்தத்தில் தங்கி மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் முதலில் வருவது நிற்காத விக்கல். வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு என்று முற்றி, உயிரே போனவர்களும் உண்டு. இதில் ஆக்சலேட்டும் அதிகம்; அது சிறுநீரகத்தையே நேரடியாகக் கெடுக்கக்கூடியது. குழம்பில் போடும் புளிப்பான பெலிம்பிங் பூலோவிலும் இதே ஆக்சலேட் நிறைய உண்டு. அத்தையின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்கு இன்னும் தெரியாது. தெரியும்வரை இரண்டுமே அவருக்கு வேண்டாம். பழமாகவும் வேண்டாம், ஜூஸாகவும் வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்து, விக்கல் விடாமல் வந்தால் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், "பெலிம்பிங் சாப்பிட்டார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் இரண்டு மூன்று துண்டு சாப்பிடுவதில் பயமில்லை. ஆனால் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே தட்டிலிருந்து எடுக்கும் வீட்டில் அது தட்டிலேயே இல்லாமலிருப்பது நல்லது.

அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது

அத்தை ருசித்துப் பார்த்து, கசக்கிறது என்று சொன்னது உண்மை. நஞ்சு என்பதுதான் உண்மையில்லை.

பச்சை அன்னாசியில், அதாவது வேகவைக்காத அன்னாசியில், புரோமெலைன் என்று ஒரு நொதி (என்சைம்) இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதுதான் அதன் வேலை. அன்னாசி நிறையச் சாப்பிட்டால் நாக்கு எரிகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். பனீர் என்பது பெரும்பாலும் பால் புரதமும் கொழுப்பும். காலை 6 மணிக்கு மூடிய பெட்டிக்குள் நாலு மணி நேரம் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருந்தால், நொதி புரதத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டுப்பட்ட சிறு துணுக்குகள் நாக்குக்குக் கசக்கும், பனீரும் குழையும். ஜெலட்டின் போட்ட ஜெல்லியில் பச்சை அன்னாசியைப் போட்டால் ஜெல்லி உறையாது. அகார் அகாரில் போட்டால் உறைந்துவிடும். அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது, அதில் வெட்டுவதற்குப் புரதம் இல்லை. வீட்டில் ஒருமுறை இரண்டையும் செய்து அத்தைக்குக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கும் நல்ல பாடம்.

ஆகவே அன்னாசியும் பனீரும் சேரக்கூடாது என்றில்லை. சாப்பிடும் நேரத்தில் சேருங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டியைப் பிள்ளை சாப்பிடாமல் கொண்டுவந்தது நல்லதே. நம் ஊர் வெயிலில் பனீர் நாலு மணி நேரம் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால், கசப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிருமி பெருகியிருக்கும்.

பாலும் பழமும் சேரக்கூடாது என்பது சித்த, ஆயுர்வேத மரபில் வெகுகாலமாக இருந்துவரும் பேச்சு. அத்தை அதை எங்கிருந்தோ கற்பனை செய்து சொல்லவில்லை. பாலில் புளிப்பு விழுந்தால் திரிவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு வந்த பயமாக அது இருக்கலாம். ஆனால் வயிற்றுக்குள் போனதும் பால் எப்படியும் திரியத்தான் செய்கிறது. அங்கே இருக்கும் அமிலம் எலுமிச்சையைவிடக் காட்டமானது. சீஸும் பனீரும் ஏற்கெனவே திரிந்த பால். தயிர்சாதத்தில் மாதுளை முத்தும் திராட்சையும் தூவி விருந்தில் பரிமாறுவது நம் வழக்கம்தானே. அதைச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சேர்க்கை தவறினால் தோலில் வெண்புள்ளி வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். வெண்புள்ளி பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறம் தரும் செல்களைத் தாக்குவதால் வருவது. சாப்பாட்டுச் சேர்க்கையால் வருவதில்லை.

ஹலால் என்றால் சைவம் என்று ஆகாது

இங்கேதான் உங்கள் அத்தை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நீங்கள்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

பாலைக் கட்டியாக்குவதற்கு ரென்னட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். பழைய முறையில் அது பால் குடிக்கும் கன்றின் நான்காவது இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. அத்தை குடல் என்றார், உண்மையில் இரைப்பை. மற்றபடி அவர் சொன்னது பொய்யில்லை. இன்று பெரிய ஆலைகள் பலவும் பூஞ்சை, நுண்ணுயிர் வழியாகத் தயாரான ரென்னட்டைப் பயன்படுத்துகின்றன. 1990 முதல், கன்றின் இரைப்பையில் இருக்கும் அதே நொதியை நுண்ணுயிரைக் கொண்டே தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாருமே அதற்கு மாறிவிடவில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற புகழ்பெற்ற இத்தாலியச் சீஸைக் கன்று ரென்னட்டால்தான் செய்ய வேண்டும் என்பது விதி.

மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரை முஸ்லிம்களின் உணவு விதிக்குப் பொறுப்பு ஏற்கிறது. முறைப்படி அறுத்த கன்றிலிருந்து ரென்னட் எடுத்திருந்தால் அந்தச் சீஸ் ஹலால்தான். ஆனால் அது சைவம் இல்லை, மாட்டைத் தவிர்க்கும் வீட்டுக்கும் ஏற்றதில்லை. முத்திரை பொய் சொல்லவில்லை. நாம்தான் அது சொல்லாததை எல்லாம் அதில் படித்துக்கொள்கிறோம்.

வாங்குகிறவர் என்ற முறையில் உங்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொதியில் சேர்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும். மாட்டிறைச்சி, பன்றி அல்லது அவற்றிலிருந்து எடுத்த பொருள் கலந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நடைமுறையில் 'ரென்னட்', 'என்சைம்' என்ற ஒற்றைச் சொல்தான் பல பொதிகளில் இருக்கும். அதைப் பார்த்து எதிலிருந்து எடுத்தது என்று சொல்ல முடியாது. 'மைக்ரோபியல் ரென்னட்' அல்லது 'சைவத்துக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். இந்தியாவிலிருந்து வரும் பொதி என்றால் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் பொதியில் இருக்கும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, எழுத்திலேயே பதில் கேளுங்கள். செவ்வாய், வெள்ளிக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். பனீருக்கு ரென்னட் தேவையில்லை, எலுமிச்சையே போதும்.

எந்தச் சீஸ், எவ்வளவு

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பேரங்காடிக்குப் போய், குளிர்பெட்டி முன்னால் நின்று ஒவ்வொரு பொதியாகப் பின்பக்கம் திருப்பிப் படித்தேன். முன்பக்கம் எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே சிரிக்கும் மாடு. பின்பக்கம்தான் வேறு வேறு. ஒன்றில் பால், உப்பு, நொதிக் கலவை என்று ஒரே வரி. அது கட்டியாக வரும் செடார். இன்னொன்றில் முதலில் சீஸ், பிறகு தண்ணீர், பிறகு 331, 339, 452 என்று எண்கள். நான் சொன்ன பாஸ்பேட் இவற்றில் 339, 452 ஆகிய இரண்டிலும் ஒளிந்திருக்கிறது, 331 சிட்ரேட். மலாயில் 'கேஜு புரோசெஸ்', அதாவது பதப்படுத்திய சீஸ் என்று போட்டிருந்தது. மூன்றாவதில் முதல் பொருளே தண்ணீர், அடுத்தது தாவர எண்ணெய். அதைச் சீஸ் என்று நம்பி உங்களைப் போன்ற தாய்மார்கள் கால்சியத்துக்காக வாங்கிப்போகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கட்டிச் செடாரில் 30 கிராம், அதாவது ஒரு தீப்பெட்டி அளவு, ஏறக்குறைய 120 கலோரி, 7 கிராம் புரதம், 200 மில்லிகிராம் கால்சியம் தரும். கூடவே 200 மில்லிகிராம் அளவுக்குச் சோடியமும், 5 முதல் 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் வரும். அதனால் ஒரு தீப்பெட்டிக்கு மேல் பெரியவர்களுக்கும் வேண்டாம். மகளுக்கு அதில் முக்கால், மகனுக்குப் பாதி. தினமும் வேண்டியதில்லை, வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும். கட்டியின் விலையைப் பார்த்துத் தயங்கியிருப்பீர்கள். இந்த அளவில் வெட்டினால் 250 கிராம் கட்டி பிள்ளைகள் இருவருக்கும் ஆறு ஏழு சாயங்காலம் வரும்.

ஸ்லைஸ் ஒன்றில் பொதுவாக 200 முதல் 300 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். பெரியவர்களே நாளுக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் ரொட்டிக்கு இரண்டு, சாயங்காலம் ஒன்று என்று மகளுக்குக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். மதியச் சோறு, கெச்சாப், நூடல்ஸ் எதையும் சேர்க்காமலே அந்த மூன்று ஸ்லைஸில் 900 வரை போய்விடலாம். அவசரத்துக்கு ஒரு ஸ்லைஸ் என்றால் பரவாயில்லை.

மகளுக்குப் பால் குடித்தால் வயிறு உப்புவது பற்றி: நம்மவர்களில் பலருக்குக் குழந்தைப் பருவம் கடந்ததும் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. ஒரு குவளைப் பாலில் அது ஏறக்குறைய 12 கிராம் இருக்கும். முற்றிய செடாரில் ஒரு கிராம்கூட இருக்காது. மோரோடு வடிந்ததும், புளிக்கும்போது கிருமிகள் தின்றதும் போக மிச்சம் அவ்வளவுதான். ஆகவே பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சீஸ் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் பால் பொருள் பட்டதும் உதடு வீங்குவது, உடம்பில் தடிப்பு, இளைப்பு என்று எப்போதாவது வந்திருந்தால் அது ஒவ்வாமை. அப்போது எந்தச் சீஸும் கூடாது, மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. சீஸ் வாங்க முடியாத வாரத்தில் கவலைப்பட வேண்டாம். நெத்திலி, தௌவு, கேழ்வரகு, தயிர் எல்லாமே கால்சியம் தருபவைதான்.

தட்டின் பெரும்பகுதி பழத்துக்கு

காணொளியில் பார்த்த ஸ்ட்ராபெரியையும் புளூபெரியையும் தேடி அலைந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆப்பிளில் 5 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் கொய்யாவில் ஆப்பிளைப் போல இரண்டு மடங்கு. பப்பாளி, அன்னாசி, பிசாங் மாஸ், டிராகன் பழம் எல்லாம் பசாரில் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன.

மகள் கொய்யாவை 'அசாம் போய்' என்ற உப்புப் புளிப்பான பிளம்ஸ் தூள் இல்லாமல் தொடமாட்டாள் என்கிறீர்கள். பழத்தோடு சீஸ் ஏன் ருசிக்கிறது என்பதற்கான பதிலே அதில்தான் இருக்கிறது. மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும், அன்னாசிக்கு உப்பு, கொய்யாவுக்கு அசாம் போய் என்று இனிப்பையும் புளிப்பையும் உப்போடு சாப்பிட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். சீஸில் அந்த உப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே சீஸ் வைக்கும் நாளில் தூள் வேண்டாம். முதல் இரண்டு நாள் முகம் சுளிப்பாள். கொய்யாவை விரல் கனத்துக்குக் கீற்றாக வெட்டி, அதன்மேல் சீஸை மெல்லிசாகச் சீவி வைத்து, ஒன்றாகக் கடிக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக வைத்தால் சீஸ் மட்டும் காலியாகிவிடும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சௌராஸ்டா சந்தையில் வாங்கும் மாங்காய், ஜாதிக்காய் ஜெருக்கைப் பழக்கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கும் பிடித்த பண்டம்தான். ஆனால் உப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய பிறகு அதைப் பழம் என்று கணக்கு வைக்க முடியாது.

செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் வெட்டுங்கள். இளகினால் கத்தியில் ஒட்டும். பழத்தைக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள்; தண்ணீர் நின்றால் சீஸ் வழவழத்துப் போகும். கொய்யாவும் ஆப்பிளும் கறுக்காமலிருக்க அரை லிமாவ் கஸ்தூரியைப் பிழிந்து பிரட்டினால் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு கைப்பிடி பழம், அதற்கு மேலே சீஸ். கடைசி வாய் சீஸாக இருந்தால் பல்லுக்கும் நல்லது. பழச் சர்க்கரையால் வாயில் உண்டாகும் அமிலத்தை அது தணிக்கிறது.

நான்கு வயது மகனுக்குத் தனிக் கவனம் வேண்டும். திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ரம்புத்தான், லோங்கான், டூக்கு எல்லாமே வழுக்கும் உருண்டை, தொண்டையில் அடைப்பதற்கு என்றே செய்ததுபோல இருக்கும். கொட்டை நீக்கிக் கிழித்துக் கொடுங்கள். சீஸையும் கட்டமாக வெட்டாமல் சீவிக் கொடுங்கள். உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டே வேண்டாம்.

பள்ளிப் பெட்டிக்குப் பனீர் வேண்டாம், கட்டிச் செடார் எடுத்துக்கொள்ளுங்கள். முந்திய இரவே ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, காலையில் பெட்டியை ஒட்டி வையுங்கள். பத்து மணிக்குப் பெட்டியும் குளிர்ந்திருக்கும், குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும். பழத்தையும் சீஸையும் வேறு வேறு அறையில் வையுங்கள்.

அத்தையின் தட்டு

சர்க்கரை இருப்பவர் பழமே தொடக்கூடாது என்று அவர் நினைக்கிறார். ஆனால் பழ ஜூஸ் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தலைகீழ். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதிலும் நம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால் நான் எந்தக் குடும்பத்திடமும் சொல்வது இதுதான்: பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், குடிக்காதீர்கள். பாதிக் கொய்யா அல்லது ஒரு கீற்றுப் பப்பாளி ஒரு வேளைக்குப் போதும். அதோடு வீட்டில் செய்த உப்பில்லாப் பனீர் இரண்டு சின்னத் துண்டு வைக்கலாம். அதையும் அன்றைய புரதக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் பம்பளிமாஸ் வாங்கும் முன்பு மருந்தாளரிடம் மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சில மாத்திரைகளோடு அந்த இனப் பழங்கள் ஒத்துப்போவதில்லை.

பனீர் செய்யும் வேலையை அத்தையிடமே கொடுங்கள் என்பது என் விருப்பம். ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலைப் பொங்க விட்டு, அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். மோர் தெளிந்து இளம்பச்சையாகப் பிரிந்ததும் நிறுத்தி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, புளிப்புப் போகக் குழாய்த் தண்ணீரில் அலசி, அம்மிக் குழவியோ ஏதாவது கனமானதோ மேலே வைத்து அரைமணி நேரம் அழுத்தினால் 150 முதல் 200 கிராம் கிடைக்கும். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். வடித்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். தன் கையால் எலுமிச்சை பிழிந்து திரித்த பாலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்கே தெரியும். "ரென்னட் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, அத்தை" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இந்த வேலையை அவரிடம் கொடுத்தால், வீட்டில் குறைந்த பேச்சு திரும்பிவிடும் என்று நம்புகிறேன்.

அடுத்த கிளினிக் நாளில் இரண்டு எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்று சிறுநீர் அல்புமின், அதாவது சிறுநீரில் போகும் புரதத்தின் அளவு, மற்றொன்று இஜிஎஃப்ஆர் என்ற சிறுநீரக வேலைத்திறன் அளவு. அங்கேயே உணவியல் ஆலோசகரைப் பார்க்க அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள்; கேட்டால் அனுப்புவார்கள். இந்த இரண்டு எண்களோடு எனக்கும் மறுபடி எழுதுங்கள். அத்தையின் தட்டில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று அப்போது அளவோடு சொல்கிறேன்.